அமெரிக்கத் தென்மாநிலங்களில் முகம் சுளிக்கவைக்கும் சாப்பாடு: புதிதாக வந்தவர்களுக்கு ஒரு வழிகாட்டி

ஜார்ஜியா, இரண்டு கரோலினாக்கள், அலபாமா, டென்னசி, மிசிசிப்பி, லூசியானா என்று படிப்புக்கோ வேலைக்கோ இந்தப் பக்கம் வந்து இறங்கும் நம் ஆட்கள், முதல் சில மாதங்களை இந்தியன் ஸ்டோரிலும் பீட்சாவிலுமே ஓட்டிவிடுகிறார்கள். உள்ளூர்ச் சாப்பாடு என்றால் வறுத்த கோழி, அதோடு சரி. கூட வேலை பார்ப்பவர் ஒரு பாத்திரம் நிறைய கொலார்ட் கீரை கொண்டுவந்தால் வாசனை பிடிக்கவில்லை என்று தள்ளிவைக்கிறார்கள். கிரிட்ஸ் என்ற மக்காச்சோளக் கஞ்சியைப் பார்த்து "இது நோயாளிக் கஞ்சி மாதிரி இருக்கே" என்கிறார்கள். சிட்லின்ஸ் (பன்றிக்குடல்) என்ற பெயரைக் கேட்டாலே ஓட்டம்தான்.

இது பெரிய இழப்பு. இந்த ஊர்ச் சமையலில் பாதி நம் நாக்குக்கு ஏற்கெனவே பழக்கமானது. வெண்டைக்காய், காராமணி, அவித்த கடலை, கீரை, மோர், குடல் என்று சாப்பிட்டு வளர்ந்தவர்களுக்கு இதெல்லாம் அந்நியமே இல்லை. நியூயார்க்கிலிருந்தோ சிகாகோவிலிருந்தோ இங்கே குடிவருகிறவர்களைவிட நமக்குத்தான் இது சுலபம். எதை முதலில் சாப்பிடுவது, எங்கே, எந்த மாதத்தில், எதோடு சேர்த்து என்பது தெரிந்தால் போதும். இன்னொன்றையும் மனதில் வையுங்கள். இந்தச் சமையலைப் பெரும்பாலும் உருவாக்கியவர்கள் அடிமைகளாகக் கொண்டுவரப்பட்ட ஆப்பிரிக்க மக்கள், இந்த மண்ணின் பூர்வகுடிகள், ஏழை விவசாயிகள். கையில் கிடைத்ததை வைத்துக் குடும்பத்தைக் காப்பாற்றியவர்களின் சமையல் இது. அந்த மரியாதையோடு உட்கார்ந்தால் பாதி அருவருப்பு தானாகப் போய்விடும்.

முதலில் இடத்தைத் தேர்ந்தெடுங்கள்

பளபளப்பான உணவகத்தில் தொடங்க வேண்டாம். 'மீட் அண்ட் த்ரீ' என்று சொல்லும் மதியச் சாப்பாட்டுக் கடைகள் இங்கே ஊருக்கு ஊர் உண்டு. ஒரு இறைச்சி, மூன்று பதார்த்தம், கூடவே கார்ன்பிரட் (மக்காச்சோள ரொட்டி) அல்லது பிஸ்கட் (இங்கே அது மெத்தென்ற சிறு ரொட்டி). அன்றைய பட்டியலைப் பலகையில் எழுதிப் போட்டிருப்பார்கள். மக்ரோனி அண்ட் சீஸும் அதில் காய்கறி வரிசையில்தான் இருக்கும், ஆச்சரியப்படாதீர்கள். புதிதாக வந்தவருக்கு இதைவிட நல்ல பள்ளிக்கூடம் கிடையாது. தெரிந்த பதார்த்தம் இரண்டு, தெரியாதது ஒன்று என்று வாங்குங்கள். தெரியாதது பிடிக்காமல் போனாலும் வயிறு நிறைந்துவிடும்.

சைவமா, பன்றி சாப்பிடாதவரா? ஆர்டர் செய்வதற்கு முன் கேளுங்கள்

நம்மவர்கள் அதிகம் ஏமாறும் இடம் இதுதான். 'வெஜிடபிள் பிளேட்' என்று எழுதியிருப்பதைப் பார்த்து நம்பி வாங்கிவிடுவார்கள். கொலார்ட் கீரை, டர்னிப் கீரை, பீன்ஸ், காராமணி எல்லாமே இங்கே வழக்கமாகப் பன்றியின் கணுக்கால் எலும்பு, உப்புக் கொழுப்பு, பேக்கன் ஏதாவது ஒன்றைப் போட்டுத்தான் வேகும். பிஸ்கட்டிலும் கார்ன்பிரட்டிலும் பன்றிக் கொழுப்பு இருக்கலாம். கிரிட்ஸைக் கோழிச் சாறில் வேகவைக்கும் கடைகளும் உண்டு. வெண்டைக்காய் வறுத்த எண்ணெயிலேயே மீனும் கோழியும் பொரித்திருப்பார்கள்.

"இது சைவமா?" என்று மட்டும் கேட்டால் "ஆமாம், பீன்ஸ்தானே" என்று நல்ல மனதோடு பதில் வரும். அதனால் "எதைப் போட்டு வேகவைத்தீர்கள்?" என்று கேளுங்கள். பன்றி மட்டும்தான் பிரச்சினை என்றால், புகையூட்டிய வான்கோழி எலும்பு போட்டுக் கீரை செய்யும் கடைகள் நிறைய வந்துவிட்டன, அதையும் விசாரியுங்கள். எதுவுமே சரிப்படவில்லை என்றால் வீட்டில் செய்துகொள்ளலாம். கீழே சொல்லும் பல பதார்த்தங்கள் இறைச்சி இல்லாமலும் நன்றாகவே வரும்.

அவித்த கடலையில் தொடங்குங்கள்

ஜூலை, ஆகஸ்ட் வாக்கில் கிராமத்துச் சாலைகளில் போனால் ஓரத்தில் பெரிய அண்டா கொதித்துக்கொண்டிருக்கும். 'பாயில்டு பீனட்ஸ்' என்று கையால் எழுதிய பலகை நிற்கும். அமெரிக்காவின் மற்ற பகுதிக்காரர்கள் இதைத் தொடவே தயங்குவார்கள். அவர்களுக்குக் கடலை என்றால் வறுத்துக் கரகரவென்று இருக்க வேண்டும்; ஈரமாக, மெத்தென்று இருந்தால் கெட்டுப்போனதாகவே தோன்றும். நமக்கு அந்தத் தயக்கம் தேவையே இல்லை. 2006-இல் தென் கரோலினா இதைத் தன் அதிகாரப்பூர்வ மாநிலச் சிற்றுண்டியாக அறிவித்தது.

ஆனால் நம் ஊரில் அவிப்பதுபோல இருக்காது. நாம் கொஞ்ச நேரம் அவித்துப் பருப்பில் கடி இருக்கும்போதே இறக்கிவிடுவோம். இவர்கள் உப்புத் தண்ணீரில் மணிக்கணக்காக வேகவிடுவார்கள். பருப்பு மொச்சைப் பயறு அளவுக்குக் குழைந்துவிடும். ஓட்டை உடைக்கும்போது உள்ளே தேங்கிய தண்ணீர் பீய்ச்சும், வெள்ளைச் சட்டையோடு சாப்பிட வேண்டாம். பல்லால் ஓட்டைக் கொஞ்சம் திறந்து, அந்த உப்புச்சாறை முதலில் உறிஞ்சிவிட்டு, பிறகு பருப்பைத் தின்ன வேண்டும். சாதா, 'கேஜன்' என்று இரண்டு வகை வைத்திருப்பார்கள். கேஜன் காரமானது. முதல் தடவை காரத்தையே வாங்குங்கள், நம் நாக்குக்கு அதுதான் ஒத்துவரும். சூடாக இருக்கும்போதே சாப்பிட வேண்டும். பெட்ரோல் பங்க்கில் நாள் முழுக்கச் சட்டியில் ஊறிக்கொண்டிருப்பதைவிடச் சாலையோர அண்டாதான் நல்லது.

வீட்டிலும் செய்யலாம். உழவர் சந்தையில் பச்சைக் கடலை கிடைக்கும் மாதங்களில் ஒரு கிலோ வாங்கி, மண் போகக் கழுவி, அரை கப் உப்புப் போட்டுக் குக்கரில் முக்கால் மணி நேரம் வேகவிட்டு, அதே தண்ணீரில் இன்னும் ஒரு மணி நேரம் ஊறவிடுங்கள். மிச்சத்தைப் பிரிட்ஜில் வையுங்கள். தொட்டால் வழவழப்பாக இருந்தால் தூக்கிப் போட்டுவிடுங்கள். ரத்த அழுத்தம் உள்ளவர்கள் அளவோடு சாப்பிட வேண்டும், உப்பு உண்மையிலேயே அதிகம்.

அப்புறம் வெண்டைக்காய்

வெண்டைக்காயைக் கண்டு அமெரிக்கர்கள் பயப்படுவதற்குக் காரணம் அதன் கொழகொழப்பு. காயின் உள்ளே இருக்கும் பசைப்பொருள் தண்ணீரோடு சேர்ந்தால் இழுபடும். அதிகச் சூடும் புளிப்பும் அதை அடக்கும். நம் வீடுகளில் காயைத் துடைத்து ஈரமில்லாமல் நறுக்குவதும், புளியோ தயிரோ சேர்ப்பதும் இதற்காகத்தான். இங்கேயும் அதே அறிவு வேறு வடிவத்தில் இருக்கிறது. மக்காச்சோள மாவில் புரட்டி எண்ணெயில் பொரிப்பார்கள், தக்காளியோடு வதக்குவார்கள், வினிகரில் ஊறுகாய் போடுவார்கள்.

பொரித்த வெண்டைக்காயில் தொடங்கி, அடுத்து தக்காளி வெண்டைக்காய். அதைச் சோற்றில் பிசைந்து சாப்பிட்டால் நம் வீட்டு ருசி வந்துவிடும். கடைசியாகக் கம்போவுக்கு வாருங்கள். லூசியானாவின் அந்தக் குழம்பில் கொழகொழப்பை ஒளிக்க மாட்டார்கள், குழம்பு கெட்டியாவதற்கு அதுவும் ஒரு காரணம். மாவைக் கொழுப்பில் பழுப்பு நிறம் வரும்வரை வறுத்து, வெங்காயம், செலரி, குடைமிளகாய் போட்டு, இறால், நண்டு அல்லது கோழியும் சாசேஜும் சேர்த்துச் சோற்றின் மேல் ஊற்றித் தருவார்கள். பாத்திரத்தின் ஓரத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகச் சோற்றோடு கலந்து சாப்பிடுங்கள். வெண்டைக்காய் ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைக் கப்பல்கள் ஓடிய காலத்தில் இங்கே வந்து வேரூன்றிய காய்.

கிரிட்ஸ்: பொறுமை வேண்டும்

கிரிட்ஸ் என்பது உலர்ந்த மக்காச்சோளத்தை ரவை பதத்தில் உடைத்து வேகவைத்த கஞ்சி. இந்த மண்ணின் பூர்வகுடிகளிடமிருந்து வந்தது. தென் கரோலினா 1976-இல் தன் மாநில உணவாக அறிவித்தது. ஜார்ஜியா 2002-இல் தன் அதிகாரப்பூர்வச் சமைத்த உணவாக அறிவித்தது. இவ்வளவு பெருமையுள்ள பதார்த்தம் பலருக்கும் பிடிக்காமல் போவதற்கு ஒரே காரணம், முதன்முதலில் சாப்பிடுவது ஹோட்டல் காலை உணவில் இருக்கும் உடனடி கிரிட்ஸாக இருப்பதுதான். உப்பும் சப்பும் இல்லாமல், ஆறி, மேலே ஆடை படிந்து கிடக்கும். அதை வைத்து இந்த உணவை எடைபோடுவது நியாயமே இல்லை.

கடையில் பொட்டலத்தைப் பார்த்து வாங்குங்கள். 'இன்ஸ்டன்ட்' வேண்டவே வேண்டாம். 'குயிக்' ஐந்து நிமிடத்தில் வேகும், அவசரத்துக்குப் பரவாயில்லை. 'ஸ்டோன் கிரவுண்ட்' என்று கல் ஆலையில் அரைத்ததுதான் உண்மையான ருசி. ஒரு கப் கிரிட்ஸுக்கு நான்கு கப் தண்ணீர் கொதிக்கவிட்டு, உப்பை அப்போதே போட்டு, கிரிட்ஸைத் தூவிக் கிளறுங்கள். பிறகு தீயைக் குறைத்து முக்கால் மணி நேரம், அடிக்கடி கிளறிக்கொண்டே. இறுகினால் கொஞ்சம் வெந்நீரோ பாலோ. கடைசியில் தாராளமாக வெண்ணெய், மிளகு. உப்பைக் கடைசியில் போட்டால் ஏறாது, இதில் பிடிவாதமாக இருங்கள்.

முதல் தடவை இவர்கள் சாப்பிடும் விதத்திலேயே சாப்பிட்டுப் பாருங்கள். நெய்யும் கறிவேப்பிலையும் தாளித்து நம் உப்புமாவாக மாற்றுவதைப் பிறகு வைத்துக்கொள்ளலாம். சர்க்கரை போடுவதா உப்புப் போடுவதா என்று இங்கே வீட்டுக்கு வீடு சண்டை உண்டு, நான் உப்புக் கட்சி. கடையில் சாப்பிடுவதென்றால் தென் கரோலினாவின் சார்ல்ஸ்டன் பக்கத்து இறால் கிரிட்ஸில் தொடங்கலாம். இறாலின் காரச்சாறு கஞ்சியில் இறங்கும்போது, வெறும் கிரிட்ஸுக்கு ஏன் அவ்வளவு சாந்தமான ருசி என்பது புரிந்துவிடும்.

இந்த மக்காச்சோளத்துக்கு ஒரு சோகமான பக்கமும் உண்டு. பூர்வகுடிகள் சோளத்தைச் சாம்பல் நீரிலோ சுண்ணாம்பிலோ வேகவைத்தார்கள். அதனால் அதிலிருக்கும் நியாசின் என்ற சத்து உடலில் சேரும். பின்னால் வந்தவர்களில் பெரும்பாலோர் அந்தப் படியை விட்டுவிட்டார்கள். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், சோளமும் கொழுப்பும் வெல்லப்பாகும் மட்டுமே சாப்பிட்ட தென்மாநில ஏழைகள் ஆயிரக்கணக்கில் பெலாக்ரா நோயால் இறந்தார்கள். அது தொற்றுநோய் இல்லை, உணவுக் குறையால் வருவது என்பதை 1914-க்குப் பிறகு மருத்துவர் ஜோசப் கோல்ட்பெர்கர் ஆய்வுகளால் நிறுவினார். இன்று கடை மாவில் சத்துச் சேர்க்கிறார்கள், கூடச் சாப்பிடுவதும் பலவகை. பயப்பட ஒன்றுமில்லை.

மோரும் கார்ன்பிரட்டும், கீரைத் தண்ணீரும்

உயரமான கிளாஸில் மீந்த கார்ன்பிரட்டைப் பிய்த்துப் போட்டு, குளிர்ந்த மோரை ஊற்றி, நீண்ட கரண்டியால் சாப்பிடுவது இங்கே வயதானவர்களின் இரவுச் சாப்பாடு. இளைஞர்களே "ஐயே" என்பார்கள். பழைய சோற்றில் மோர் ஊற்றிச் சாப்பிட்டவருக்கு, கம்பங்கூழ் குடித்தவருக்கு இது ஒரு பிரச்சினையே இல்லை. கடையில் 'பட்டர்மில்க்' என்று வாங்குங்கள், நம் மோரைவிடக் கெட்டியாகவும் புளிப்பாகவும் இருக்கும். கார்ன்பிரட் சர்க்கரை போடாததாக இருக்க வேண்டும். சிலர் மிளகும் வெங்காயமும் சேர்ப்பார்கள். பச்சைமிளகாய் நான் சேர்த்துக்கொள்வது, மிகவும் நன்றாக இருக்கும்.

கொலார்ட் கீரை வேகும்போது வீடு முழுக்க முட்டைக்கோஸ் போல ஒரு நெடி பரவும். தடித்த இலை, நீண்ட நேரம் வேக வேண்டும், அதனால் நெடியும் நீளும். வாயில் அந்த நெடி இருக்காது. மேலே மிளகாய் ஊறிய வினிகரை நாலு சொட்டு விட்டால் கசப்பும் அடங்கிவிடும். கீரையைத் தின்றுவிட்டுத் தண்ணீரைக் கொட்டிவிடாதீர்கள். 'பாட் லிக்கர்' என்று அந்தச் சாறுக்குத் தனி மரியாதை. கார்ன்பிரட்டை அதில் முக்கித் தின்பதா, உதிர்த்துப் போட்டுத் தின்பதா என்று 1931-இல் லூசியானா ஆளுநர் ஹியூயி லாங்குக்கும் அட்லாண்டா கான்ஸ்டிட்யூஷன் நாளிதழுக்கும் பெரிய வாக்குவாதமே நடந்தது. லாங் முக்கும் கட்சி. எப்படிச் சாப்பிட்டாலும் சூடாகச் சாப்பிடுங்கள்.

மயோனைஸ் கூட்டம்

இதைச் சுருக்கமாக முடித்துவிடலாம். வாழைப்பழமும் மயோனைஸும் வைத்த சாண்ட்விச், டின் பேரிக்காயின் குழியில் மயோனைஸ் வைத்து மேலே துருவிய சீஸும் செர்ரியும் போட்ட 'சாலட்', ஜெல்லிக்குள் உறைய வைத்த தக்காளிச் சாறு. பிடிக்காவிட்டால் விட்டுவிடலாம், ஒன்றும் குறைந்துவிடாது. ஆனால் இரண்டை விடாதீர்கள். ஒன்று, பிமென்டோ சீஸ்: செடார், மயோனைஸ், சிவப்பு மிளகாய்ப்பழம் கலந்த விழுது. பார்க்க ஒருமாதிரி ஆரஞ்சு நிறத்தில் இருக்கும், வெள்ளை ரொட்டியில் தடவினால் அருமை. மற்றது, கோடைக்காலத் தக்காளி சாண்ட்விச். கொடியில் பழுத்த தக்காளி, உப்பு, மிளகு, வெள்ளை ரொட்டி, டியூக்ஸ் மயோனைஸ். 1917-இல் தென் கரோலினாவின் கிரீன்வில்லில் யூஜீனியா டியூக் என்ற பெண் தொடங்கிய தயாரிப்பு அது. இன்றும் இங்கே பலர் வேறு பிராண்டைத் தொடுவதில்லை. முட்டை சேர்ந்தது என்பதைச் சைவர்கள் கவனிக்கவும்.

ஈரல், தலை, கால்

இங்கிருந்து அசைவர்களுக்கு மட்டும். வட கரோலினாவின் மேற்குப் பகுதியில், முக்கியமாக ஷெல்பி ஊரைச் சுற்றி, லிவர்மஷ் என்று ஒன்று உண்டு. பன்றி ஈரலையும் தலைக்கறியையும் வேகவைத்து அரைத்து, சோளமாவும் சேஜ் இலையும் மிளகும் சேர்த்து, செங்கல் வடிவில் உறைய வைப்பது. பொட்டலத்தில் பார்த்தால் சாம்பல் நிறத்தில், சிமென்ட் கட்டி மாதிரி இருக்கும். அதைப் பார்த்து முடிவெடுக்காதீர்கள். விரல் தடிமனுக்கு நறுக்கி, தோசைக்கல்லில் இரண்டு பக்கமும் நன்றாக முறுகும்வரை விட்டு, கடுகு சாஸ் தடவி ரொட்டிக்குள் வைத்துச் சாப்பிடுங்கள். கடையில் "நன்றாக முறுகலாக வேண்டும்" என்று சொல்லிவிடுவது முக்கியம். உள்ளே மெத்தென்று, வெளியே மொறுமொறுவென்று இருந்தால்தான் அது லிவர்மஷ். ஈரல் வறுவல் சாப்பிடுபவர்களுக்கு இது நிச்சயம் பிடிக்கும்.

சவுஸ் வேறு கதை. பன்றித் தலைக்கறி, காது எல்லாம் வினிகர் ஜெல்லிக்குள் உறைந்து, சில்லென்று வரும். உப்பு பிஸ்கட்டில் வைத்து, மேலே காரச் சாஸ் ஊற்றித் தின்பார்கள். ருசி நன்றாகவே இருக்கும். ஆனால் குளிர்ந்த இறைச்சி ஜெல்லி நம் பழக்கத்தில் இல்லாதது, அதனால் இதைக் கடைசி வரிசையில் வையுங்கள். கிராமத்துக் கடை கல்லாவில் கண்ணாடி ஜாடியில் மிதக்கும் பன்றிக்காலும் முட்டையும் அப்படியே. முட்டையிலிருந்து தொடங்கலாம்.

லூசியானா போனால்

கிராஃபிஷ் காலம் தை, மாசி வாக்கில் தொடங்கி வைகாசி வரை ஓடும். மார்ச், ஏப்ரலில் நன்றாகக் கொழுத்திருக்கும். சேற்று நீரில் வளரும் சின்னச் சிங்கி இறால் என்று வைத்துக்கொள்ளுங்கள். கார மசாலாவில் உருளைக்கிழங்கு, மக்காச்சோளம், சாசேஜோடு வேகவைத்து, செய்தித்தாள் விரித்த மேசையில் அப்படியே கொட்டுவார்கள். ஓடும் தலையும் போக மிஞ்சும் கறி கொஞ்சம்தான், அதனால் ஆளுக்கு ஒன்றரை கிலோ கேட்டால் அதிகமில்லை. தலையையும் வாலையும் எதிரெதிராக முறுக்கிப் பிரியுங்கள். தலைக்குள் இருக்கும் மஞ்சள் கொழுப்பை உறிஞ்சுவதுதான் வெளியூர்க்காரர்கள் மிரளும் இடம். நண்டு ஓட்டை வழித்துத் தின்றவர் மிரள வேண்டியதில்லை, மசாலாவின் ருசியெல்லாம் அங்கேதான் தங்கும். பிறகு வாலின் முதல் வளையத்தை உரித்து, நுனியை அழுத்தி இழுத்தால் சதை முழுசாக வந்துவிடும். கையைக் கண்ணில் வைக்காதீர்கள். இறால் ஒவ்வாமை உள்ளவர்கள் இதைத் தொடவே கூடாது.

அதே மாநிலத்தில் ஸ்காட் ஊர்ப்பக்கம் பெட்ரோல் பங்க்கில் சூடாக 'பூடான்' விற்பார்கள். சோறு, பன்றிக்கறி, ஈரல், வெங்காயத்தாள் எல்லாம் குடல் உறைக்குள். ஒரு முனையைக் கடித்து, பேஸ்ட் டியூப் போலப் பிதுக்கிச் சாப்பிட வேண்டும். உறையைத் தின்பது உங்கள் விருப்பம். இந்தச் சமையலில் ஒன்றைத்தான் சாப்பிட முடியும் என்றால் எது என்று யாராவது கேட்டால் நான் சொல்வது பூடானைத்தான்.

சிட்லின்ஸ்

பன்றியின் சிறுகுடல். குளிர்சாதனப் பெட்டி வராத காலத்தில், குளிர் தொடங்கியதும் பன்றி வெட்டுவார்கள். நல்ல துண்டெல்லாம் முதலாளி வீட்டுக்குப் போகும். தலை, கால், குடல் அடிமைக் குடிசைகளுக்கு வரும். அதைக் கழுவிக் கழுவி, மணிக்கணக்கில் வேகவைத்து, விருந்தாக மாற்றினார்கள். இன்றும் கறுப்பினக் குடும்பங்கள் பலவற்றில் தேங்க்ஸ்கிவிங்கிலிருந்து புத்தாண்டு வரை இது பண்டிகைச் சாப்பாடு. தென் கரோலினாவின் சாலி என்ற சிற்றூரில் 1966-இல் இதற்கென்றே ஒரு திருவிழா தொடங்கினார்கள்.

ஆட்டுக்குடல் குழம்பு சாப்பிட்டவர்கள் "இதில் என்ன இருக்கிறது" என்று நினைப்பார்கள். வித்தியாசம் இருக்கிறது. நாம் மஞ்சள், இஞ்சி, பூண்டு, மல்லி, மிளகு எல்லாம் போட்டு வாசனையை மாற்றிவிடுவோம். இங்கே வெங்காயம், வினிகர், மிளகாய்த்தூள், பிரிஞ்சி இலை அளவில் முடிந்துவிடும். அதனால் வேகும்போது நெடி தூக்கலாக இருக்கும். நெடி அடங்கிய பிறகு போய் உட்காருங்கள். முதல் தடவை சமையல் நடக்கும்போதே சமையலறையில் நிற்க வேண்டாம். கொஞ்சமாக வாங்கி, காரச் சாஸ் தாராளமாக விட்டு, கொலார்ட் கீரை, கார்ன்பிரட்டோடு சேர்த்துச் சாப்பிடுங்கள். யார் சுத்தம் செய்தது என்பதுதான் இதில் எல்லாமே. உள்ளூர்க்காரர்களே தெரிந்த கை செய்ததைத்தான் தின்பார்கள். நீங்களும் அப்படியே செய்யுங்கள்.

வீட்டில் சமைக்க நினைத்தால் கவனம் வேண்டும். உறைந்த வாளியாக விற்பார்கள். பச்சைக் குடலில் எர்சினியா என்ற கிருமி இருக்கலாம், அது பிரிட்ஜ் குளிரிலும் பெருகும். 1988-89 குளிர்காலத்தில் அட்லாண்டாவில் கைக்குழந்தைகளுக்கு இந்தத் தொற்று வந்தது. வீட்டில் சிட்லின்ஸ் சுத்தம் செய்தவர்களின் கை வழியாகப் பரவியதென்று கண்டுபிடித்தார்கள். ஆகவே முதலில் ஐந்து நிமிடம் கொதிக்கவைத்துவிட்டுப் பிறகு சுத்தம் செய்யுங்கள். உள்ளே ஒட்டியிருக்கும் கொழுப்பையும் சவ்வையும் உரித்தெடுத்து, பல தண்ணீரில் அலசி, மூன்று மணி நேரமாவது வேகவையுங்கள். தொட்டியை ப்ளீச் போட்டுக் கழுவுங்கள். குழந்தையும் பால் புட்டியும் அந்தப் பக்கமே வரக் கூடாது. கையைச் சோப்புப் போட்டுக் கழுவாமல் எதையும் தொடாதீர்கள்.

வேண்டாம் என்று சொல்லும் விதம்

எல்லாவற்றையும் சாப்பிட வேண்டும் என்று கட்டாயமில்லை. சர்ச் விருந்திலோ பக்கத்து வீட்டிலோ பிடிக்காதது வந்தால் "நோ தேங்க் யூ, மேம்" போதும். வயதில் மூத்தவர்களிடம் 'மேம்', 'சர்' சேர்ப்பது இங்கே நம் ஊர் 'ங்க' மாதிரி. மதக் காரணமோ உடல்நிலையோ இருந்தால் நேரடியாகச் சொல்லுங்கள், யாரும் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். மூக்கைப் பொத்துவது, படம் எடுத்துச் சிரிப்பது மட்டும் கூடவே கூடாது. ஒரு பாட்டி விடியற்காலையில் எழுந்து செய்ததாக இருக்கும். பிடித்திருந்தால் எப்படிச் செய்தீர்கள் என்று கேளுங்கள், அடுத்த வாரம் உங்களுக்கென்று தனியாக ஒரு டப்பா வந்துவிடும்.

நீங்களாக முயலக் கூடாதது

வசந்த காலத்தில் வேலியோரம் 'போக்' என்ற செடி தளதளவென்று முளைக்கும். முற்றினால் தண்டு சிவந்து, கருஞ்சிவப்புக் காய்க்கொத்து தொங்கும். கிராமத்துப் பெரியவர்கள் அதன் இளந்தளிரைப் பறித்து, பலமுறை தண்ணீர் மாற்றிக் கொதிக்கவைத்து 'போக் சாலட்' செய்வார்கள். செடி முழுக்க விஷம், வேரும் பழமும் இன்னும் மோசம். நம் ஊர்த் தண்டுக்கீரை போலத் தெரிகிறதே என்று பறித்துவிட வேண்டாம். கீரை ஆசைக்குச் சந்தையில் டர்னிப் கீரையும் கடுகுக் கீரையும் மலிவாகவே கிடைக்கும். கடுகுக் கீரையைப் பருப்புப் போட்டுக் கடைந்தால் நன்றாக வரும்.